படுக்கை, பால், லீவு: பழைய சானடோரியங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

(பழைய சானடோரியங்கள் எப்படி நடந்தன என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சில இங்கே. பதில் எழுதுபவர் ஆந்திர எல்லையில் பலமனேரில் வசிக்கும் தமிழர். அரசு மருத்துவமனை ஒன்றின் ஸ்டோர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் ஓர் அரசு சானடோரியத்தில் ஸ்டூவர்டாக இருந்தவர்.)

கேள்வி: ஐயா, வெள்ளைக்காரர் காலத்தில் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கென்றே அரசாங்கம் சானடோரியம் நடத்தியதாகப் படித்தேன். அது காசநோய் ஆஸ்பத்திரியா, ஓய்வு விடுதியா? நம் பலமனேரும் ஒரு காலத்தில் அப்படி ஓர் இடமாக இருந்ததாமே?
– ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், சித்தூர்

பதில்: இரண்டு வகையும் இருந்தன. முதலில் வந்தது ஓய்வு வகை. சமவெளியில் காய்ச்சலிலும் சீதபேதியிலும் இளைத்துப்போன அதிகாரியைக் குளிர்ந்த இடத்துக்கு அனுப்பி, உடம்பைத் தேற்றி, மறுபடி கச்சேரிக்கு வரவைக்கிற ஏற்பாடு. கம்பெனி காலத்தில் இதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரைக்கும் கப்பலில் போய்வந்தார்கள். கடலிலேயே மாதக்கணக்கில் கழியும். உள்நாட்டிலேயே குளிர்ந்த மேடு கிடைத்தால் அந்தப் பயணம் மிச்சம்.

நம் பலமனேர் அப்படிக் கிடைத்த மேடுகளில் ஒன்று. சித்தூரிலிருந்து மொகிலி கணவாய் ஏறி வந்தால் 2,200 அடிக்கு மேல். நீலகிரிக்குப் போகிற பழக்கம் வருவதற்கு முன்னால் மதராஸ் உத்தியோகஸ்தர்கள் உடம்பு தேறுவதற்கு இங்கேதான் வந்தார்கள் என்று பழைய கெஜட்டியரில் இருக்கிறது. சித்திரை வெயிலில் சித்தூரில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்குகிறவர்களுக்கு அதன் காரணம் இன்றைக்கும் தெரியும். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டியில் வீடுகள் எழுந்தன. 1827இல் கவர்னராக வந்த லஷிங்டன் ஊட்டியை நோயாளிகள் தேறும் இடமாக வளர்த்தார். அப்புறம் பலமனேரை யார் நினைக்கிறார்கள்?

டார்ஜிலிங்கில் 1882இல் ஈடன் சானடோரியம் வந்தது. அது ஐரோப்பியர்களுக்கு. இந்தியர்களுக்கென்று லூயிஸ் ஜூபிலி சானடோரியம் 1887இல் தனியாக வந்தது. காற்று ஒன்றுதான், வாசல் இரண்டு.

'சிவில் சானடோரியம்' என்ற பெயரோடு அரசாங்க ஊழியர்களுக்காகவே நடந்த இடம் வேண்டுமென்றால் பிலிப்பைன்ஸுக்குப் போக வேண்டும். 1898இல் ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவுகள் அமெரிக்கர்கள் கைக்கு வந்தன. மணிலாவில் வேலைக்கு வந்த அமெரிக்க எழுத்தரோ ஆசிரியரோ நோயில் விழுந்தால் பசிபிக் கடல் தாண்டி ஊருக்கு அனுப்ப வேண்டும். அவருக்குப் பதில் இன்னொருவரை அங்கிருந்து வரவழைக்க வேண்டும். இரண்டு கப்பல் கூலி. அதனால் பெங்கெட் மலைப்பகுதியில், சுமார் 5,000 அடி உயரத்தில், பாகியோ என்ற இடத்தில் 1902இல் சிவில் சானடோரியத்தைத் திறந்தார்கள். அப்போது அங்கே சரியான ரோடுகூடக் கிடையாது, குதிரையில்தான் ஏற வேண்டும். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான வில்லியம் டாஃப்ட் அங்கே கவர்னராக இருந்தபோது உடம்பு தேறுவதற்காக அப்படி ஏறிப் போனவர்தான். பள்ளத்தாக்கு வழியாக ரோடு 1905இல் திறந்தது. போட்ட மதிப்பீட்டைவிடப் பல மடங்கு செலவு.

இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஊழியனுக்கு ஓய்வு தேவை, அதற்குச் செலவு செய்வது அரசாங்கத்தின் வேலை என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? ஆனால் அந்தக் கணக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்களோடு நின்றுவிட்டது. அவர்களைத் தோளில் சுமந்து மலையேறிய கூலியாட்களுக்கு எந்த மேட்டிலும் படுக்கை இல்லை. அடுத்த பதில்களிலும் இதையே திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இதுதான்.

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் சானடோரியத்தில் என்னதான் செய்தார்கள்? ஒரு நாள் எப்படி நடந்தது? யார் நடத்தினார்கள்?
– மாணவி, குப்பம்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டாக்டர்கள் எழுதிய புத்தகங்களில் எக்ஸ்ரேயும் ஆபரேஷனும் இருக்கும். சமையல்கட்டு இருக்காது. சானடோரியத்தைத் தூக்கி நிறுத்தியது சமையல்கட்டும் வண்ணான் துறையும்தான்.

விடிவதற்கு முன்னால் டெம்பரேச்சர் எடுப்பார்கள். ஒரு நாளில் பல தடவை எடுத்துக் கட்டில் தலைமாட்டில் தொங்கும் சார்ட்டில் கோடு போடுவார்கள். சாயங்காலக் காய்ச்சல் இருக்கிறவருக்கு முழுப் படுக்கை. எழுந்து பல் துலக்கக்கூட விடமாட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு வராந்தா வரைக்கும், அப்புறம் கேட் வரைக்கும், அப்புறம் மரத்தடி வரைக்கும் என்று நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ரெஸ்ட் அவர். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது. இருமல் வந்தால்கூட அடக்கப் பழக்குவார்கள். இருமி இருமி நுரையீரலைப் புண்ணாக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வைத்தியம்.

வார்டு என்றால் மூன்று பக்கம் சுவர் வைத்து, ஒரு பக்கம் முழுக்கத் திறந்த நீள வராந்தா. மழைச்சாரல் அடித்தால் கோணித் திரையை இறக்குவார்கள். மார்கழியிலும் அங்கேதான் படுக்கை. 1920களுக்குப் பிறகு, விலாவில் ஊசி குத்திக் காற்றை ஏற்றி, நோயுள்ள நுரையீரலைச் சுருங்க வைக்கிற சிகிச்சை பரவியது. அந்தக் காற்று மெல்ல மெல்ல இறங்கிவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். "இன்னைக்குக் காத்தடிக்கிற நாள்" என்று நோயாளிகள் சொல்வார்களாம். அதிலும் தேறாதவர்களுக்கு விலா எலும்புகளையே எடுத்தார்கள்.

இப்போது அப்பாவின் பகுதிக்கு வருகிறேன். ஸ்டூவர்டு என்றால் அரிசி, பால், முட்டை, கறி, விறகு, எண்ணெய், சோப்பு, கம்பளி என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஒவ்வொரு நோயாளிக்கும் டயட் ஸ்கேல், அதாவது எதை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற அளவு, உண்டு. வார்டிலிருந்து நர்ஸ் இண்டெண்ட், அதாவது தேவைப் பட்டியல், எழுதி அனுப்புவார். அதைக் கூட்டி மறுநாள் காலைக்குள் சாமான் இறக்க வேண்டும். மருந்து இல்லாத காலத்தில் பாலும் முட்டையும்தானே மருந்து! அதில் தண்ணீர் கலந்தால் நோயாளியின் மார்பில் கை வைத்த மாதிரி என்பார் அப்பா.

விடியற்காலை பால் வண்டி வந்ததும் லாக்டோமீட்டர் போடுவார். தண்ணீர் கலந்திருந்தால் காட்டிவிடும். ஆனால் பால்காரர்களுக்கும் வழி தெரியும், தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையோ மாவோ சேர்த்துவிட்டால் லாக்டோமீட்டரில் பழுது தெரியாது. அதனால் அப்பா ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பார், வாயில் வைத்துப் பார்ப்பார், ஒரு படியைக் காய்ச்சி ஆடை கட்டுகிறதா என்றும் பார்ப்பார். முட்டையை வாளித் தண்ணீரில் போடுவார், மிதந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கறியில் எலும்பு எவ்வளவு என்று தனியாக நிறுப்பார். விறகு ஈரமாக இருந்தால் எடை கூடும், அதைக் கான்ட்ராக்டர் பணமாக எடுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் விறகை வாங்கும்போது ஒரு கட்டையைப் பிளந்து உள்ளே தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

சமையல்கட்டு ஒன்று அல்ல. சைவம் தனி, அசைவம் தனி. பிராமண நோயாளிகளுக்குப் பிராமணச் சமையல்காரர். மரணத்தைப் பக்கத்துக் கட்டிலில் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர்கள்கூட யார் கையால் சாப்பிடுவது என்பதை விடவில்லை. அப்பா அதைப் பற்றிப் பேசும்போது குரல் கம்மிவிடும்.

வாரம் ஒரு நாள் எடை பார்ப்பார்கள். ஒரு ராத்தல் ஏறினால் வார்டே அவரைச் சுற்றிப் பேசும். இறங்கினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் எடை பார்க்கிற நாளில் மத்தியானச் சாப்பாட்டை எப்படியாவது கொஞ்சம் நன்றாகச் செய்யச் சொல்வார் அப்பா. ரசத்தில் கூடுதலாக நெய், கொத்துமல்லி, அவ்வளவுதான். ஸ்கேலில் அதற்கு இடமில்லை, மிச்சம் பிடித்துச் செய்வார்.

சளிக் கிண்ணம் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நீங்கள் நர்ஸாகப் போகிறீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மூடி போட்ட கிண்ணம். காலையில் எல்லாக் கிண்ணங்களையும் சேகரித்து, மரத்தூளோடு கலந்து எரித்து, கிண்ணங்களைக் கொதிக்க வைத்து, திரும்ப வைப்பார்கள். வார்டுக்கு வார்டு அந்தக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிச் சுமந்தவர்கள் ஆயாக்கள், துப்புரவுத் தொழிலாளிகள். துணி வேகவைத்தவர்கள் வண்ணார்கள். டாக்டர் ஒரு நோயாளி பக்கத்தில் நிற்கிற நேரத்தைவிட அவர்கள் நின்ற நேரம் பல மடங்கு அதிகம்.

அரசு சானடோரியத்தில் அரசு ஊழியர்களுக்கென்று சில படுக்கைகளை ஒதுக்கியிருந்தார்கள். கெஜட்டட் அதிகாரி என்றால் தனி அறை, குளியலறையோடு. குமாஸ்தா என்றால் இருவர் அறை. பியூன் என்றால் பொது வார்டு, ஆனாலும் படுக்கை நிச்சயம். லீவுச் சம்பளம் பாதியாவது மணியார்டரில் வீட்டுக்குப் போகும். வீட்டில் அடுப்பு எரிகிறது என்று தெரிந்தால்தான் இங்கே படுத்திருப்பவர் ரெஸ்ட் அவரில் கண்ணை மூட முடியும். அது இல்லாதவர்கள் பாதியில் எழுந்து ஊருக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை.

ஓர் ஆயா அங்கே இருந்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். பல வருஷம் பெண்கள் வார்டில் சளிக் கிண்ணம் எடுத்தவர். அவருக்கே நோய் வந்தது. தினக்கூலிப் பட்டியலில் இருந்தவர் என்பதால் ஊழியர் படுக்கை கிடையாது என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. லீவும் கிடையாது, வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. இலவசப் படுக்கைக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அப்பா மேலிடத்துக்கு மனு மேல் மனு எழுதினார். விதி என்ன சொல்கிறதோ அதையே பதிலாகத் திருப்பி அனுப்பினார்கள். வரிசையில் அவர் பெயர் வந்தபோது அவர் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டிருந்தார். அப்பா அந்த மனுக்களின் நகல்களை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார், இப்போது என்னிடம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: டாக்டர் உத்தரவு எழுதினார், இவர்கள் நடத்தினார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் உங்கள் வார்டு ஆயாவுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மாஸ்க் கொடுக்கிறார்களா, அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று பாருங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் என்று விட்டிருந்தால் கேளுங்கள்.

கேள்வி: மதனப்பள்ளி ஆரோக்கியவரத்துக் காற்றுக்கே காசநோய் போய்விடும் என்று என் பாட்டி சொல்வார். உண்மையா? அது அரசாங்க ஆஸ்பத்திரியா? இப்போது இருக்கிறதா?
– குடும்பத்தலைவி, புங்கனூர்

பதில்: அரசாங்கத்துடையது அல்ல, மிஷன்கள் சேர்ந்து நடத்தியது. ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் லூயிசா ஹார்ட் தொடக்கம் போட்டார். 1912இல் மதனப்பள்ளியில் சின்னதாகத் தொடங்கி, 1915இல் ஆரோக்கியவரத்துக் கட்டடங்கள் திறந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லர் அதை வளர்த்தார். பின்னால் அங்கே தலைமை வகித்த டாக்டர் பி.வி. பெஞ்சமின் சுதந்திர இந்திய அரசுக்கே காசநோய் ஆலோசகராகப் போனார். இந்தியாவில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி 1948இல் முதலில் போடப்பட்ட இடம் மதனப்பள்ளிதான். உங்கள் தோளில் இருக்கும் தழும்புக்கும் உங்கள் பக்கத்து ஊருக்கும் அப்படி ஓர் உறவு உண்டு. ஆரோக்கியவரம் இன்றும் பொது மருத்துவமனையாக நடக்கிறது.

மதராஸ் பக்கம் தாம்பரம் சானடோரியத்தை 1928இல் டாக்டர் சௌரிமுத்து ஆரம்பித்தார், 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான்.

காற்றால் போய்விடுமா என்றால், போகாது. நல்ல காற்றும் சாப்பாடும் ஓய்வும் உடம்புக்குப் போராடத் தெம்பு கொடுக்கும், கிருமியைக் கொல்லாது. மருந்து இல்லாத காலத்தில், சளியில் கிருமி தெரிந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்து வருஷத்துக்குள் இறந்தார்கள். 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியசிட் என்று மருந்துகள் வந்தபின்தான் நிலைமை மாறியது.

அந்த மாற்றத்தை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது மதராஸ். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் சிகிச்சை, மறு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடிசைகளில், குறைந்த சாப்பாட்டில், வேலை செய்துகொண்டே மருந்து சாப்பிட்டார்கள். முடிவு 1959இல் வந்தது: இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதற்கப்புறம் உலகமெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின.

மூடியது சரியான முடிவு. எத்தனை லட்சம் பேருக்குப் படுக்கை போட முடியும்? எத்தனை தாய்மார்களைப் பிள்ளைகளிடமிருந்து வருஷக்கணக்கில் பிரித்து வைப்பது? ஆனால் படுக்கையை எடுத்தபோது அதோடு சேர்ந்து பாலும் முட்டையும் லீவும் போய்விட்டன. மாத்திரை மட்டும் வீட்டுக்கு வந்தது. சாப்பாடு வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, மருந்து இருந்தால் படுக்கை தேவையில்லை என்றுதான் சொன்னது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பம் முழுவதற்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. என் அப்பா லாக்டோமீட்டரோடு நின்றது வீண்வேலை இல்லை.

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரருக்கு டிபி என்று சொல்லிவிட்டார்கள். விசைத்தறியில் வேலை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. இரண்டு பிள்ளைகள். பழைய மாதிரி எங்காவது சானடோரியத்தில் சேர்க்கலாமா?
– பெயர் வேண்டாம், நகரி

பதில்: தாயே, முதலில் ஒன்று சொல்கிறேன். இது முழுக்கக் குணமாகிற நோய். சேர்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ரத்தம் கக்குவது, மூச்சுத் திணறல், மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் மட்டும் டாக்டர் சேர்க்கச் சொல்வார்.

மாத்திரை ஒரு நாளும் விடக்கூடாது. ஒன்றிரண்டு மாதத்தில் பசி எடுக்கும், இருமல் நிற்கும், "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது அடங்கிவிடும், ஆனால் உள்ளே கிருமி மிச்சம் இருக்கும். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கிற மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம். பிள்ளைகள் இருமுகிறார்களா, எடை ஏறாமல் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். சிகிச்சை முடியும் வரை நோயாளியின் சாப்பாட்டுக்காக மாதம் ஆயிரம் ரூபாய் அரசாங்கம் வங்கிக் கணக்கில் போட வேண்டும். நிக்ஷய் போஷண் திட்டம் என்று பெயர். 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து ஆயிரமாகக் கூட்டினார்கள். ஆதார், பாஸ்புக் நகல் கொடுத்தீர்களா, பெயர் ஏறியதா என்று டிபி பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வரவில்லையென்றால் மறுபடி மறுபடி போய்க் கேளுங்கள். அது தர்மக் காசு இல்லை.

அடுத்து, தறிக்கூடத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் என்றால், சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், அவருக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இஎஸ்ஐயில் காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதியான அளவு காலம் பணம் கட்டியவராக இருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குக் கூலியில் 80 சதவீதம் வரை கிடைக்கும், தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரைக்கும். பழைய சானடோரியத்தில் குமாஸ்தாவுக்கு மணியார்டர் போனது என்றேனே, அதைவிட இது பெரிய உரிமை. ஆனால் தறிக்கூடங்களில் பாதிப்பேரின் பெயர் பதிவேட்டிலேயே இருப்பதில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். பெயர் இல்லையென்றால் அருகிலுள்ள இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கத்து ஆள் யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு என்ன வைத்திருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில், ஓராண்டு வேலை முடித்த தற்காலிக ஊழியருக்குக் காசநோய் என்றால் 18 மாதம் வரை சம்பளமில்லா விடுப்பு கொடுக்கலாம், வேலை போகாது. "அங்கீகரிக்கப்பட்ட சானடோரியத்தில்" சிகிச்சை பெற்றால் என்று அந்த விதி பேசுகிறது, காசநோய் நிபுணரிடம் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றாலும் செல்லும். விடுப்பு என்பது காசநோய்ச் சிகிச்சையின் பகுதி என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. தறி ஓட்டுகிறவருக்கும் நுரையீரல் அதேதான்.

சாப்பாட்டுக்கு விலை உயர்ந்த டானிக் வாங்காதீர்கள். முட்டை, நிலக்கடலை, ராகிக் களி, பருப்பு, முருங்கைக்கீரை. நம் பக்கத்தில் ராகிக்கும் கடலைக்கும் என்ன குறை? பீடி இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியில் உடனே போய் நிற்க வேண்டாம், எப்போது திரும்பலாம் என்று டாக்டரைக் கேட்டுப் போகட்டும். தட்டு, டம்ளர் தனியாக வைத்து அவரை ஒதுக்காதீர்கள். இருமும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வது, ஜன்னலைத் திறந்து வைப்பது, இவைதான் முக்கியம்.

கேள்வி: என் தாத்தா அன்றைய சித்தூர் ஜில்லாவில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. 1940களில் ஏதோ சானடோரியத்தில் ஒரு வருஷம் இருந்ததாக வீட்டில் பேச்சு. எந்த இடம் என்று தெரியவில்லை. பதிவேடுகள் கிடைக்குமா?
– திருத்தணி வாசகர்

பதில்: உங்கள் ஊரே 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் சித்தூர் ஜில்லாவில் இருந்தது, 1953 வரை எல்லாம் ஒரே மதராஸ் மாகாணம். அதனால் காகிதங்கள் இரண்டு பக்கமும் சிதறியிருக்கும்.

கெஜட்டட் அதிகாரிகளின் லீவும் மாற்றலும் மாகாண அரசிதழான 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்'டில் அச்சாகும். தாத்தா குமாஸ்தா என்பதால் அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில்தான் லீவு விவரம் இருக்கும். மெடிக்கல் சர்டிஃபிகேட் லீவு என்று எழுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்திருப்பார்கள். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்திருந்தால் அந்தப் பழைய உத்தரவு வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வாய்ப்புண்டு, முதலில் அதைத் தேடுங்கள். பென்ஷன் பேமெண்ட் ஆர்டர் எண்ணும் கடைசியாக வேலை பார்த்த ஆபீஸும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சானடோரியத்தில் படுக்கை ஒதுக்குவது, கட்டணச் சலுகை போன்ற உத்தரவுகள் மாகாண அரசின் உத்தரவுத் தொகுப்புகளில் இருக்கும். சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாணத்துக் காகிதங்கள் இருக்கின்றன, விண்ணப்பம் கொடுத்து உட்கார்ந்து பார்க்கலாம். ஆண்டு வாரியாக இன்டெக்ஸ் தொகுதிகள் உண்டு, அங்கிருந்து தொடங்குங்கள். ஜில்லா அளவிலான காகிதங்களுக்குச் சித்தூர் கலெக்டர் அலுவலகப் பதிவறையில் விசாரியுங்கள். எழுத்தில் கேட்கும்போது தாத்தாவின் பெயரை அந்தக் காலத்து இன்ஷியலோடு, ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் எப்படி எழுதியிருப்பார்களோ அப்படியெல்லாம் எழுதுங்கள். ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டு இருக்கும்.

வீட்டில் அவர் எழுதிய தபால் ஏதாவது மிஞ்சியிருந்தால் அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மதனப்பள்ளியா, தாம்பரமா, பெருந்துறையா என்று அதிலேயே தெரிந்துவிடலாம். தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் அவர் வேலை பார்த்த சானடோரியத்தில் படுத்திருந்த குமாஸ்தாக்கள் சிலரின் பெயரும் தாலுகாவும் இருக்கின்றன, நானும் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன்.